எனக்குத் தமிழ் தெரியாது என்று எழுதித் தரமாட்டேன்

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யார் என்றே எனக்குத் தெரியாது. அதற்குள் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் ஈஜிபுரா முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும். உன்னை 'டா' போட்டுக் கூப்பிடுவதா 'டி' போட்டுக் கூப்பிடுவதா என்றுகூட முடிவாகவில்லை. எனக்கு இப்போது வயது பத்தொன்பது. இதை நீ படிக்கும்போது உனக்கும் அந்த வயது ஆகியிருக்கட்டும், மீசையோ மூக்குத்தியோ வந்திருக்கட்டும். அப்போது நான் நாற்பதைத் தாண்டியிருப்பேன். 'பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும், எதிர்த்துப் பேசக்கூடாது' என்று உன்னிடமே சொல்ல ஆரம்பித்திருப்பேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படிச் சொன்னால் அந்த அம்மாவை நம்பாதே. இவளை நம்பு. அதற்காகத்தான் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்.

உண்மையில் வேறொரு கடிதம் எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். குழந்தை பராமரிப்பு டிரெயினிங் நடத்துகிற எங்கள் மேடம், திங்கட்கிழமை காலைக்குள் என்னிடமிருந்து ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டும் என்றிருக்கிறார். என்ன எழுதவேண்டும் என்றும் அவரே சொல்லிக்கொடுத்தார். அந்தக் குழந்தை சொன்ன தமிழ் வார்த்தைகள் எனக்குச் சரியாகப் புரியவில்லை, அதனால் தப்பாக அர்த்தம் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். யோசித்துப் பார். தங்கவயலில் பிறந்து ஈஜிபுராவில் வளர்ந்து, கனவில்கூடத் தமிழிலேயே திட்டு வாங்குகிற நான், எனக்குத் தமிழ் தெரியாது என்று கைப்பட எழுதித் தரவேண்டும். எழுதினால் சர்ட்டிபிகேட், எழுதாவிட்டால் இல்லை. அது மட்டும் என்றால் நான் இவ்வளவு நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்க மாட்டேன். எழுதினால் மறுபடியும் அந்த டே கேருக்குள் போகலாம், அங்கே தூளி இருக்கிறாள். எழுதாவிட்டால் அவள் உள்ளே, நான் வெளியே. சிக்கல் அங்கேதான். முதலிலிருந்து சொல்கிறேன்.

பியூசியில், அதாவது இங்கத்துப் பிளஸ் டூவில், கணக்கு என்னைக் கழித்துவிட்டது. வீட்டில் சும்மா இருந்தால் மாப்பிள்ளை பார்ப்பார்கள், அதாவது உன் அப்பாவை அவசரமாகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று பயந்து இந்த டிரெயினிங்கில் சேர்ந்தேன். ஆறு மாதம் வகுப்பு, பிறகு மூன்று மாதம் ஏதாவது ஒரு டே கேரில் வேலை. அங்கே ஒழுங்காக இருந்தாள் என்று அவர்கள் சொன்னால்தான் சர்ட்டிபிகேட். வகுப்பில் பிளாஸ்டிக் பொம்மையை வைத்துக் குளிப்பாட்டக் கற்றுக்கொடுத்தார்கள். ஒருநாள் அந்தப் பொம்மைக்குத் துண்டு சுற்றி, மேடத்தின் கைப்பைக்குள் ஒரு கை மட்டும் வெளியே டாட்டா காட்டுகிற மாதிரி வைத்து அனுப்பிவிட்டேன். பஸ்ஸில் கண்டக்டர் அரை டிக்கெட் கேட்டாராம். மறுநாள் மேடம் என்னைத் திட்ட வந்து பாதியிலேயே சிரித்துவிட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் கெட்டவர் இல்லை. நம்மிடம் பொய் எழுதி வாங்குகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்களாக இருக்கமாட்டார்கள். சிரித்த முகத்தோடு, நம் நல்லதுக்கு என்று சொல்லி, நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் கேட்பார்கள். அதுதான் கஷ்டம்.

என்னை அனுப்பிய டே கேர் கோரமங்களாவில் ஒரு மாடி வீடு. டே கேர் என்றால் பகல் கவனிப்பு என்று வகுப்பில் சொன்னார்கள். அங்கே பகல் இருந்தது. பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிறவர்கள், கல்கத்தா, டெல்லி, ஹைதராபாத் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கள் இரண்டு பேரும் தமிழ். அதனால் அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எல்லா ஊர்க் குழந்தைகளும் பகல் முழுக்கத் தமிழ் கேட்டு, தமிழிலேயே பேச ஆரம்பித்தன. குட்டிக் கொண்டை போட்ட சர்தார் பையன் ஒருவன் 'அக்கா, மூச்சா!' என்று அலறிக்கொண்டு ஓடிவருவதை நீ பார்க்க வேண்டுமே. பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. புரியாததால் பிள்ளை எது சொன்னாலும் அழகு.

தூளிக்கு இரண்டரை வயது. உண்மையான பெயர் தூலி. வங்காளத்தில் படம் வரைகிற தூரிகைக்கு அந்தப் பெயராம். எங்கள் வாயில் அது தூளி ஆகிவிட்டது. ஆட்டுகிறவர் இல்லாத தூளி. காலையில் அம்மா விட்டுவிட்டுப் போனதும் அழ ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். மற்ற குழந்தைகள் அழுதால் பிஸ்கட்டில் அடங்கும், இவள் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே அழுவாள். அப்படி அழுகிற பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு வழி வைத்திருந்தார்கள். படிக்கட்டுக்கு அடியில் பாய் அடுக்கிவைக்கிற சின்ன அறை. ஜன்னல் இல்லை, பல்பு இல்லை. உள்ளே விட்டு வெளியே தாழ்ப்பாள். பெரிய ஆயா குணா அக்கா அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, பாட்டு மாதிரி இழுத்துச் சொல்வாள்: "அழு, நல்லா அழு. யாரு வருவா? யாரும் வரமாட்டா." கத்தமாட்டாள், அடிக்கமாட்டாள். அந்த இழுவைதான். கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம் நின்றுவிடும். சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் முகம் துடைத்துப் பவுடர் போடுவார்கள். கண்ணீர்க்கோட்டின் மேல் பவுடர் போட்டால் ஒன்றும் தெரியாது. அந்தப் பவுடரைப் போட்டுவிடுவது டிரெயினியின் வேலை. அதாவது என் வேலை.

டிரெயினி என்றால் டிக்கெட் இல்லாமல் டிரெயினில் ஏறியவள் என்று நானே அர்த்தம் வைத்துக்கொண்டிருந்தேன். உட்கார இடமும் கிடையாது, கேள்வி கேட்க வாயும் கிடையாது. இருந்தாலும் கேட்டேன். டே கேரை நடத்துகிற அம்மாவை எல்லோரும் ஆண்ட்டி என்றுதான் கூப்பிடுவோம். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே புரியும், பேசும்போது மட்டும் இரண்டையும் கலந்து அடிப்பார்.

"ஆண்ட்டி, புள்ளைங்கள இருட்டுல போட்டுப் பூட்டுறாங்க," என்றேன்.

"பூட்டல்லம்மா, அது டைம் அவுட். ஃபாரின்லே எல்லாரும் மாடறாங்க."

"ஃபாரின்ல லைட்டு இருக்கும் ஆண்ட்டி."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீ இங்கே கத்துக்க வந்தியா, கத்த வந்தியா?"

நல்ல கேள்வி. நானே இப்படி ஒன்று கேட்டிருந்தால் ஒரு வாரம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். அன்றைக்குப் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு பிள்ளைகளிடம் திரும்பிப் போய்விட்டேன்.

வாய் பலிக்காத இடத்தில் கை வேலை செய்யும் என்று நினைத்தேன். அடுத்த நாள் அப்பாவின் ஸ்க்ரூ டிரைவரைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு போய், எல்லோரும் சாப்பிடுகிற நேரத்தில் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிச் சாக்கடையில் போட்டுவிட்டேன். ஆஹா, என்ன சாமர்த்தியம் என்று எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன். மறுநாள் தூளி அழுதாள். குணா அக்கா தாழ்ப்பாளைத் தேடினாள், இல்லை. அலட்டிக்கொள்ளவே இல்லை. தூளியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, முறத்தில் அவரைக்காயை எடுத்துக்கொண்டு வந்து, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். காயை உரித்துக்கொண்டே அந்தப் பாட்டு. முன்பெல்லாம் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஒரு தடவை சொல்லிப் போய்விடுவாள். இப்போது அவரைக்காய் முடிகிறவரைக்கும் சொன்னாள், கதவுக்கு அந்தப் பக்கம் சரியாகப் பிள்ளையின் காது உயரத்தில். என் குறும்பு அந்தக் குழந்தைக்கு வாங்கிக்கொடுத்தது அதுதான். உனக்கும் என் புத்தி வந்திருந்தால், வரும், எங்கே போகும், இதை மட்டும் நினைவில் வை. ஒளிந்துகொண்டு செய்கிற எதிர்ப்புக்குப் பதில் நம் மேல் விழாது. நம்மை விடச் சின்னவர்கள் மேல்தான் போய் விழும். எதிர்ப்பதாக இருந்தால் முகத்தைக் காட்டி எதிர்.

முகத்தைக் காட்ட எனக்குச் சந்தர்ப்பம் வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. தூளியின் அம்மா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தார். களைத்த முகம், ஆனால் சிரிப்பு. ஆண்ட்டி வாசலில் நின்றார், குணா அக்கா செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள், நான் தூளிக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். "உங்கள் பாஷையில் இவள் ஒரு பாட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறாள், எவ்வளவு இனிமை தெரியுமா, தினம் வீட்டில் பொம்மைக்குப் பாடுகிறாள்," என்று இங்கிலீஷும் ஹிந்தியுமாகச் சொன்னார். அது என்ன பாட்டு என்று தெரிந்துகொள்ள ஆசையாம். பொம்மையை அலமாரிக்குள் வைத்து, கதவைச் சாத்தி, கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பாடுகிறாளாம். அந்த அம்மாவே பாடியும் காட்டினார், தன் நாக்கில் வருகிற மாதிரி: "அலு, நல்லா அலு. ஜாரு பருபா? ஜாரும் பரமாட்டா."

குணா அக்காவின் கையில் ஒரு குட்டிச் செருப்பு அப்படியே நின்றது. ஆண்ட்டிதான் முதலில் பேசினார். தாலாட்டு மேடம், இங்கே ஆயாக்கள் தூங்கவைக்கும்போது பாடுவது, என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தூளியின் அம்மாவும் என்னைப் பார்த்தார், ஒரு வரி ஒரு வரியாக அர்த்தம் சொல் என்று. எல்லாவற்றையும் வேடிக்கையாக்குகிற எனக்கு அந்த நேரத்தில் ஒரு வேடிக்கையும் வரவில்லை. என் ஹிந்தி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுகிற ஹிந்தி. அதில் தாலாட்டுக்கெல்லாம் இடமில்லை. இருந்ததை வைத்துச் சொன்னேன்: "பாட்டு இல்லை மேடம். அழு, நன்றாக அழு, யார் வருவார்கள், யாரும் வரமாட்டார்கள். இதுதான் அர்த்தம்."

யார் இவளிடம் இதைச் சொல்வது என்று அவர் கேட்கவில்லை. எங்கே என்று கேட்டார். நான் படிக்கட்டுக்கு அடியில் கையைக் காட்டினேன். அவர் போய்க் கதவைத் திறந்து, குனிந்து உள்ளே நுழைந்து, கதவைத் தானே சாத்திக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்றோம். தூளி மட்டும் ஒரு ஷூவோடு ஓடிப்போய் அந்தக் கதவைத் தட்டி, "மா, அழாதே மா, அழாதே," என்றாள். தமிழில்.

மறுநாள் காலை அதே அம்மா தூளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வராமல் என்ன செய்வார்? சொந்த ஊர் ஆயிரம் மைல், புருஷனுக்கு வேறு ஊரில் வேலை, லீவு கேட்டால் வேலை போய்விடும். என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார், "இன்றைக்கு நீ இருப்பாய் இல்லையா?" இருப்பேன் என்றேன். மத்தியானத்துக்குள் ஆண்ட்டி என்னை வெளியே அனுப்பிவிட்டார். 'இருப்பேன்' என்ற அந்தப் பொய் என்னுடையது இல்லை, ஆனால் என் வாயிலிருந்து வந்ததுதான். இதை எழுதும்போதும் எனக்கு அதுதான் குத்துகிறது.

டிரெயினிங் மேடம் கூப்பிட்டு உட்காரவைத்து, "யாக்கம்மா பேக்கு நினகெ இதெல்லா?" என்று கேட்டார். இதெல்லாம் உனக்கு எதுக்கும்மா என்று அர்த்தம். இந்த இடத்தை விட்டால் டிரெயினிங் பெண்களை எடுத்துக்கொள்ள வேறு டே கேர் இல்லையாம். நான் ஒருத்தி பேசினதில் பின்னால் வருகிற பெண்களுக்கெல்லாம் கதவு மூடுமாம். "ஒந்து லெட்டர், அஷ்டே," என்றார். ஒரு லெட்டர், அவ்வளவுதான்.

சனிக்கிழமை தண்ணீர்க் குழாயில் குணா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அவள். குடங்கள் வரிசையில் நிற்க, நாங்கள் இரண்டு பேரும் வரிசைக்கு வெளியே நின்றோம்.

"இன்னாடி, பெரிய வாத்தியாரம்மா. அர்த்தம் சொல்லிக்குடுத்தியாமே, அர்த்தம்."

"கேட்டாங்க, சொன்னேன்கா."

"நம்ம பேச்சை நாலு சுவத்துக்குள்ள பேசிக்கினு கெடந்தோம். அதையும் கொண்டுபோயி காட்டிக்குடுத்துட்டியே. தமிழ்னு தெரிஞ்சதுக்கே ஓடஓட அடிச்ச ஊருடி இது. உனக்கு அப்ப எத்தினி வயசு? உங்கம்மா உன்னையக் கையில புடிச்சிக்கினு எங்க வூட்டுலதானடி ஒளிஞ்சிருந்தா!"

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் குடத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவள் சொன்னது நிஜம். தொண்ணூற்றொன்றில், காவிரித் தகராறில் இந்த ஊர் எரிந்தபோது எனக்குப் பத்து வயது. பஸ்ஸில் நான் வாயைத் திறந்து தமிழில் ஒரு வார்த்தை பேசினால் போதும், அம்மா துணிக்கு மேலேயே என் தொடையைக் கிள்ளுவாள். நான் வம்புக்காரி, அப்போதே. கிள்ளக்கிள்ள இன்னும் சத்தமாக, 'அம்மா, வலிக்குது!' என்று தமிழில் கத்துவேன். இறங்கினதும் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள். அவளுக்குப் பயம். அந்தப் பயம் எனக்குப் புரியாத வயது. இப்போது புரிகிறது. புரிந்தும் குணா அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: "ஒளிஞ்சிருந்தோம்கா, நெஜம். உயிருக்குப் பயந்து ஒளிஞ்சோம். புள்ளையப் பூட்டுறதை ஒளிக்கிறதுக்கு அந்தத் தமிழைக் கேட்டா நான் குடுக்கமாட்டேன்."

"அறைஞ்சன்னா தெரியும்," என்றாள். ஆனால் அறையவில்லை. குடம் நிறைந்து வழிந்தது, எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் அம்மா சொல்வது வேறு. கார்மெண்ட்ஸில் நாளெல்லாம் காலர் தைத்துவிட்டு வருகிறவள், பேச்சையும் தையல் மாதிரி நேராகப் போடுவாள். "எழுதிக் குடுத்துட்டு உள்ள போயி அந்தப் புள்ளையப் பார்த்துக்கோ. உன் மானமா பெருசு, அது அழுவுறதா பெருசு?" இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்பா எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி கேட்டில் நிற்கிறார். அதற்கு முன்னால் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கினவர். அவரும் எழுதிக் கொடுத்துவிடு என்றுதான் சொன்னார். நான் அந்தப் பாய் அறையைப் பற்றிச் சொன்னபோது மட்டும், எடுத்த பீடியைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார், ஒருமுறை சுரங்கத்தில் அவருடைய தலைவிளக்கு அணைந்துவிட்டதாம். சுற்றிலும் ஒன்றும் தெரியாத இருட்டு. "ஆளு வரும்னு தெரியும் பாப்பா. அதனால உக்காந்துக்கினே இருந்தேன். தெரியலைன்னா பைத்தியம் புடிச்சிருக்கும்." சொல்லிவிட்டு, "இருந்தாலும் எழுதிக் குடுத்துடு," என்றார். என் அப்பா அப்படித்தான். தன் வாயாலேயே எனக்குப் பதிலைச் சொல்லிவிட்டு, அது பதில் என்று தெரியாமல் பீடி பற்றவைக்கப் போய்விட்டார்.

யாரும் வரமாட்டார்கள் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை அவளுடைய அம்மாவிடம் எடுத்துச் சொல்ல ஒரே ஒருத்திதான் இருந்தாள். அந்த ஒருத்தியும், நான் தப்பாகச் சொன்னேன், அது தாலாட்டுத்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நான் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாலும் என்ன? அந்த அம்மா இனிமேல் பிள்ளை பாடுவதைக் கேட்டுச் சிரிப்பார். நான் பவுடர் போடுவேன். மூன்று மாதம் முடிந்து சர்ட்டிபிகேட்டோடு நான் போனபிறகும் கதவு அங்கேயேதான் இருக்கும். அம்மாவுக்கான பதில் எனக்கு இப்போதுதான் கிடைத்தது: மானத்துக்காக இல்லைம்மா. இந்தக் கையெழுத்து அந்தக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள். நான் போடமாட்டேன்.

இது வரைக்கும் எழுதியது ஞாயிற்றுக்கிழமை. இனிமேல் எழுதுவது திங்கட்கிழமை சாயங்காலம். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

காலையில் மேடத்திடம் போகவில்லை. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற நேரத்துக்கு டே கேரின் கேட்டுக்கு எதிரே போய் நின்றேன். ஆண்ட்டி பார்த்துவிட்டு, "ஏய், இல்லி யாக்கெ நிந்திதீயா?" என்றார். இங்கே எதுக்கு நிற்கிறாய் என்று.

"ரோட்டுல நிக்கிறேன் ஆண்ட்டி. ரோடு கார்ப்பரேஷனோடது. கத்துக்கவும் வரல, கத்தவும் வரல. கேட்டா சொல்ல வந்தேன்."

முதலில் யாரும் கேட்கவில்லை. கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்கு ரோட்டில் நிற்கிற பெண் கண்ணில் படுவாளா? இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள். என் தைரியம் காற்றுப்போன டயர் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. அப்போது தூளியின் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் நின்றார். ஏன் வெளியே நிற்கிறாய் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன், இருக்கிற எல்லா பாஷையையும் போட்டு: நான் சொன்னது பொய் என்று எழுதித் தரச் சொல்கிறார்கள், நான் தரவில்லை, அதனால் உள்ளே விடமாட்டார்கள். அவர் உள்ளே போகவில்லை. தூளியை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டின் நடுவிலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் வழி இல்லாமல், என்ன ஆயிற்று என்று கேட்க, அவர் தன் இங்கிலீஷில் படபடவென்று சொன்னார். எனக்கு அதில் பாதிதான் புரிந்தது. கேட்டவர்களின் முகத்தில் மீதி புரிந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் என்னிடம் வந்தார். தன் பையன் தூக்கத்தில் 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்கிறானாம், என்ன அது? சொன்னேன். ஒரு அம்மா வந்து, தன் மகள் 'போலீஸ் புடிச்சிக்கினு போவான்' என்று நாய்க்குட்டியிடம் சொல்வதாகச் சொன்னார். அதையும் சொன்னேன். அப்புறம் அந்தக் குட்டிச் சர்தாரின் அப்பா, ஏற்கனவே கோபத்தில் சிவந்த முகத்தோடு, "'என் ராசா, இன்னும் ஒரே வாய்' என்று சொல்கிறானே, இது என்ன மிரட்டல்?" என்றார். நான் கொஞ்சம் தயங்கினேன். கோபம் எல்லாம் ஆண்ட்டியின் பக்கம் திரும்பி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் தண்ணீர் ஊற்ற மனம் வரவில்லை. ஆனால் அர்த்தம் சொல்கிறேன் என்று வந்துவிட்டு, எனக்குப் பிடித்த அர்த்தத்தை மட்டும் சொன்னால் நானும் ஆண்ட்டியும் ஒன்றுதானே? "மிரட்டல் இல்லை சார். என் ராஜாவே, இன்னும் ஒரே ஒரு வாய் என்று அர்த்தம். குணா அக்கா சோறு ஊட்டும்போது சொல்வது. உங்கள் பையன் சாப்பிடாத நாளில் அவனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி முழுக்க நடந்து ஊட்டுவார்." கேட்டுக்கு உள்ளே தரை துடைக்கிற ஈரத்துணியோடு நின்ற குணா அக்கா தன் பெயரைக் கேட்டு நிமிர்ந்தாள்.

ஆண்ட்டிக்கு அது ஒரு வழியாகத் தெரிந்தது. குணா அக்காவை நோக்கி விரலை நீட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, எனக்கே முழுக்கப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் பேசினார். படிக்காத பொம்பளைகள், எனக்குத் தெரியாமல் செய்துவிட்டார்கள், இன்றைக்கே வேலையை விட்டு எடுத்துவிடுகிறேன், நீங்கள் நிம்மதியாக வேலைக்குப் போங்கள். தலைகள் மெல்ல ஆடின. இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். படிக்கட்டு அப்படியே இருக்கும், பாய் அறை அப்படியே இருக்கும், ஆயா மட்டும் மாறுவாள்.

"இன்னாடி சொல்றா அவ?" என்று குணா அக்கா என்னைக் கேட்டாள். இங்கிலீஷ் தெரியாது. விரல் புரிந்திருந்தது.

சனிக்கிழமை என்னை அறையப் போனவள். அவளுக்கும் ஒரு வார்த்தை விடாமல் அர்த்தம் சொன்னேன்.

குணா அக்கா துணியைப் பக்கெட்டில் போட்டாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை, பிள்ளைகளை இடுப்பில் வைத்திருந்தவர்களைப் பார்த்துத்தான் பேசினாள், தமிழில், சத்தமாக. "பதினெட்டுப் புள்ளைக்கு நாங்க ரெண்டே பேரு. ஒண்ணு அழுதா பதினெட்டும் அழுவும். பக்கத்து வூட்டுக்குச் சத்தம் போவக்கூடாதுன்னு அந்த ரூமைத் தொறந்து காமிச்சதே இந்த அம்மாதான். நான் பண்ணது தப்பு. இல்லைன்னு சொல்லல. என் புள்ளைங்க ரெண்டையும் வூட்டுல வெச்சு வெளிய பூட்டிக்கினு வர்றேன், அதுங்களும் அழுவுது, யாரு வர்றா? யாரும் வர்றதில்ல. அதான் வாயில வந்துச்சு."

அடுத்த தெருவில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியாது. கம்பெனி பஸ் முனையில் வந்து ஹாரன் அடித்தது. தூளியின் அம்மா திரும்பவில்லை. ஹெல்மெட்காரர், சர்தார், எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என்ன சொல்கிறாள், என்ன சொல்கிறாள் என்று. "சுப்! வாய மூடு!" என்று ஆண்ட்டி என்னைப் பார்த்துக் கத்தினார்.

குணா அக்கா இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"இதையும் சொல்லுடி," என்றாள்.

சொன்னேன்.

இப்படிக்கு,
சர்ட்டிபிகேட் இல்லாமல் உன்னை வளர்க்கப்போகிறவள்